மனை புதுக்குதலும் வீடு பெறுதலும்

சிவமயம்



நாம் குடியிருக்கும் மனைக்கும், உயிர் பாசத்தினின்று நீங்கி எய்தும் முத்திக்கும் நம் தமிழ்மொழி வீடு என்னும் ஒரு பெயரையே வழங்குகின்றது. விடு என்னும் முதனிலை நீண்டு வீடு என நின்றது. ஆகலின் விடுதல் என்பதே அச்சொல்லின் பொருள். முத்திக்கு அப்பெயர் பொருந்துமாறு எளிதின் விளங்கும். கல்லும் மரமும் கொண்டு எழுப்பிய மனைக்கு அது பொருந்துமாறு யாங்ஙனம்? புறத்தே உழன்றவன் தன் வேலைகளை விட்டு வந்து இளைப்பாறும் இடமாகலின் அப்பெயர் பெற்றது என்று கூறலாம். அது பொருந்தும். ஆயினும் உலகியலில் நாம் காண்பது இதற்கு மறுதலையன்றோ? மனை கட்டத் தொடங்கியவன் ஒன்றையும் விடுவதில்லை; எல்லாவற்றையும் இறுகப் பற்றுகின்றான். உறக்கம் ஒன்றையே விடுகின்றான். வீட்டைக் கட்டிப் பார் என்னும் பழமொழி அவன் படும் பாட்டைக் குறித்தே எழுந்தது.

அடியேன் எம் பழைய மனையைப் புதுக்கும் பணியில் அண்மையில் ஏறத்தாழ ஓராண்டு ஈடுபட நேர்ந்தது. அப்பணியில், நூல்களிற் பன்முறை ஓதியும் பிறர்க்கு உரைத்தும் வந்த பொருள்கள் சில கண்முன் வந்து நின்றன. ஓதியும் உரைத்தும் என்னுள் நில்லாத பொருள்கள் சில என் குறையாக வெளிப்பட்டன. இருதிறத்தனவும் அன்பர்க்குப் பயன்படுமென்று கருதி ஈண்டு உரைக்கப் புகுந்தேன்.

முதற்கண் அம்மனை வந்த வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். சேலம் மாவட்டத்து மேட்டூரிற் காவிரிக்குக் குறுக்கே அணை எடுக்கும் வேலை 1925-ஆம் ஆண்டில் தொடங்கி 1934-ஆம் ஆண்டில் நிறைவெய்திற்று. 120 அடி உயரம் நீர் தேக்கவல்ல அவ்வணையாற் கீழ்நாட்டுக் கழனிகள் பெற்ற நன்மை பெரிது. ஆயின், அந்நீர் பரந்து நிற்றற்குப் பல ஊர்கள் தம்மையே இடமாகக் கொடுத்தன. அவ்வூர்களில் வாழ்ந்தோர் பிறந்த மனையையும், உழுத நிலத்தையும், வழிபட்ட கோயிலையும் விட்டு மேட்டு நிலங்களிற் புதியவாக மனை கோலிக்கொண்டனர். பண்ணவாடியில் நீருள் மூழ்கிய சலகண்டேசுவரர் திருக்கோயிலின் நந்தியெம்பெருமான் திருவுருவம், கோடையில் நீர் மிகத் தாழும் ஆண்டுகளில் இன்றும் வெளிப்படுகின்றது. கிறித்தவர் ஆலயமொன்றன் கோபுரமும் அவ்வாறே தலைகாட்டுகின்றது. காண்பதற்கு மக்கள் திரளுகின்றனர். மீண்டும் புதுப்புனல் வர, இரண்டும் மறைகின்றன.

எம் பாட்டனார் அவ்வாறு குடிபெயர்ந்தோருள் ஒருவர். சுவரையும் கூரையையும் கொணர இயலாமையின், வாயில் நிலையையும் கதவையும் மட்டும் பெயர்த்து வண்டியிலேற்றித் தாரமங்கலத்தை அடுத்த சமவெளிக்குக் கொண்டுவந்தார். அந்நிலையை நட்ட பின்னரே சுவர் எழுப்பினார் என்பர். ஆகலின் எம் மனையில் மனையினும் மூத்தது அதன் வாயில். நீர் வற்றிய ஓராண்டில் அவர் என்னை நந்தியெம்பெருமானைக் காண அழைத்துச் சென்றார். அப்பொழுது யான் சிறுவன். “நம் வீடு எங்கே இருந்தது, தாத்தா?” என்று வினவினேன். அவர் நீர்ப்பரப்பை நோக்கிக் கைகாட்டி, “அது நம்ம வீடு இல்லை கண்ணு, நாங்க இருந்த வீடு” என்றார். அவர் சித்தாந்த நூல் ஒன்றும் கற்றவரல்லர். எனினும் சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரத்தில், எனது உடல் எனப் பிறிதின் கிழமையாற் கூறுதலின் உயிர் உடலின் வேறு என மெய்கண்ட தேவநாயனார் நிறுவிய பொருளை யான் பின்னாளிற் பாடங்கேட்டபொழுது, அம்முதியவர் நீர்க்கரையிற் கைநீட்டி நின்ற தோற்றமே என் உள்ளத்து எழுந்தது. இருந்தவன் வேறு, இருந்த இடம் வேறு. ஒதுங்கும் இடத்தைத் துச்சில் என்றும், புகுந்து நிலைத்திருக்கும் இடத்தைப் புக்கில் என்றும் பண்டையோர் பிரித்து வழங்கியதும் இவ்வேறுபாடு கருதியேயாம்.

இனி, மனைக்கு நேர்ந்த நோயைக் கூறுவேன். சில ஆண்டுகட்கு முன் சுவர்களின் அடியில் ஓதம் கண்டது. யாம் ஆராயாது, பழைய சுண்ணாம்புப் பூச்சின்மேற் சிமிட்டியைக் கனமாகப் பூசி, அழகிய வண்ணமும் தீட்டினோம். காண்போர் புகழ்ந்தனர். மறு மழைக்காலம் கழிவதற்குள், முழங்காலளவில் நின்ற ஓதம் இடுப்பளவு ஏறிற்று. உப்புப் பூத்து, வண்ணம் கொப்புளித்து, பூச்சு அடையடையாக உதிர்ந்தது. மீண்டும் பூசினோம், மீண்டும் உதிர்ந்தது. இவ்வாறு மும்முறை நிகழ்ந்தபின், பழைய காரைவேலை அறிந்த முதிய கொத்தனார் ஒருவரை அழைத்துவந்தோம். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சுவர் மூச்சு விட வேணுமுங்க, ஐயா, நீங்க வாயைக் கட்டி வெச்சிருக்கீங்க” என்றார்.

அவர் கூறியதன் விளக்கம் இது. மண்ணிலுள்ள ஈரம் செங்கல்லின் நுண்டுளைகளின் வழியே மேலேறும் இயல்பினது. சுண்ணாம்புக் காரை அவ்வீரத்தைத் தன்வழியே காற்றிற்கு விட்டுவிடும். சிமிட்டிப் பூச்சோ அங்ஙனம் எளிதின் விடாது. போக்கிடம் பெறாத ஈரம் இன்னும் உயர ஏறும். அதனொடு கரைந்து ஏறிய உப்பு பூச்சின் பின்னே திரண்டு அதனைப் பிளக்கும். சுண்ணாம்பு விடும், சிமிட்டி விடாது. வீடு என்னும் சொல்லுக்கு விடுதல் என்று பொருளுரைத்து வந்த யான், விடாத பொருளைக் கொண்டு என் வீட்டைப் பூசியிருந்தேன்!

நோய்க்கு அவர் செய்த மருத்துவம் நால்வகைத்து. முதலாவது, மேற்பூச்சு முழுவதையும் உளிகொண்டு களைந்தார். இரண்டாவது, முற்றத்து நீரும் கூரை நீரும் சுவரடியில் தேங்காது ஓடுமாறு வாய்க்கால் அமைத்தார். மூன்றாவது, வெற்றுச் சுவரை வெயிலும் காற்றும் படுமாறு மாதக்கணக்கில் திறந்து வைத்தார். நான்காவது, சுக்கான்கல்லைச் சூளையிற் சுட்டு நீற்றிய சுண்ணாம்பில் மணல் கூட்டி அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லநீரும் சேர்த்துப் புளிக்கவைத்துப் பூசினார். மூன்றாவதாகிய காத்திருத்தலே எமக்குப் பெருந்துன்பமாயிற்று. அயலார் வந்து, வேலை நின்றுபோயிற்றோ என வினவினர். கொத்தனார் வாளாவிருந்தார். வெயிலை விரைவுபடுத்த யாரால் இயலும்? மேலும் ஒரு புதுமை நிகழ்ந்தது. சுவர் உலர உலர, உப்பு முன்னையினும் மிகுதியாகப் புறத்தே பூத்தது. நோய் முற்றியது என்று யாம் அஞ்சினோம். உள்ளிருந்தது வெளிவருகின்றது என்று அவர் மகிழ்ந்து, நாள்தோறும் அதனைத் துடைத்து நீக்கினார்.

அன்பர்களே! இதனைச் சித்தாந்தத்தொடு பொருத்திக் காண்க. செங்கல்லும் மண்ணும் மாயையின் காரியமாகிய உடல் கருவிகளை ஒக்கும். கண்ணுக்குப் புலனாகாது அடியினின்று பற்றும் ஈரம் ஆணவத்தை ஒக்கும். அதனொடு கூடி ஏறித் திரளும் உப்புக் கன்மத்தை ஒக்கும். மேற்பூச்சோ, நாம் உலகிற்குக் காட்டும் கல்விச் செருக்கும், குலச்செருக்கும், செல்வச் செருக்கும் ஆம். சேலத்தை அடுத்த வெள்ளைக்கற் குன்றுகளைக் கண்டோர் சுண்ணாம்புக் கல்லென்றே எண்ணுவர். அது மாக்னசைட்டு என்னும் பிறிதொரு கல். புறத்து வெண்மை அகத்துத் தன்மையை அறிவியாது. வெள்ளையடித்தலால் சுவர் நலம்பெறாது. வேடத்தால் உயிர் தூய்மை பெறாது.

சரியை கிரியைகள் சுவரடியில் நீர் தேங்காது வடிக்கும் வாய்க்கால் போல்வன. அவற்றை இகழ்வோர் அறியாதவர். அவை மட்டும் போதுமென்போரும் அறியாதவரே. சுவரை உலர்த்துவது கதிரவன். மலத்தைப் பரிபாகப்படுத்துவது திருவருள். நாம் செய்யத்தக்கது திறந்து வைத்தலும் பொறுத்திருத்தலுமே. அருள் பதியத் தொடங்கியபொழுது அன்பர்க்குத் துன்பம் மிகுதல் உண்டு. அதனைக் கண்டு, வழிபட்டும் பயனில்லையே எனத் தளர்வார் பலர். உலருஞ் சுவரில் உப்புப் பூத்தல்போல, உள்ளே கிடந்த வினை நுகர்ந்து கழிதற்பொருட்டு வெளிப்படுகின்றது என்று அவர் தெளிவாராக.

அற்றேல், ஈரம் சுவருக்கு இடையிலே வந்து பற்றியதன்றோ? ஆணவமோ உயிரொடு அநாதியே உடனாயது. ஆகலின் உவமை பொருந்தாதெனின், நன்று வினவினீர். இஃது ஒருபுடை உவமையே. அநாதியாதற்குச் செம்பிற் களிம்பும் நெல்லின் உமியும் என நம் ஆசிரியர் காட்டியனவே கொள்ளற்பாலன. இவ்வுவமை பயன்படும் இடம் பிறிதொன்று. கொத்தனார் மண்ணிலுள்ள ஈரத்தை அழித்தாரல்லர். அஃது அவரால் ஆவதன்று. ஈரம் மண்ணில் இருக்கவே இருக்கும். சுவரை மேற்கொள்ளும் அதன் ஆற்றல் ஒடுங்கிற்று, அவ்வளவே. முத்தியிலும் ஆணவம் என்னும் பொருள் இல்லாமற் போதலில்லை. உயிரை மறைக்கும் அதன் சத்தியே மடங்குகின்றது என்னும் நம் கொள்கையை, இதனினும் எளிதாக விளக்குவதோர் உவமையை அடியேன் கண்டிலேன்.

இனி, இம்மனையைக் கட்டியவர் யாவர் என்பதனை ஆராய்வாம். குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என நூல்கள் கூறும். அவ்வாறே மனைக்குக் கல்லும் மண்ணும் மரமும் முதற்காரணம். கரணையும் தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் துணைக்காரணம். கொத்தனும் தச்சனும் நிமித்தகாரணர். இம்மூன்றனுள் மனைக்கு உரியோன் எனப்படுவான் யாண்டு உளன்? பத்திரத்தில் அவன் பெயர் எழுதப்பட்டிருக்கின்றது. வரியும் அவனே செலுத்துகின்றான். ஆயின் காரணம் மூன்றனுள் ஒன்றிலும் அவனைக் கண்டிலேம். அவன் பொருட்டு அது செய்யப்பட்டது என்னும் அத்துணையே அவனுக்கு உரிமை. மாயையை முதற்காரணமாகவும், தன் சத்தியைத் துணைக்காரணமாகவும் கொண்டு, இறைவன் நிமித்தகாரணனாய் நின்று தநு கரண புவன போகங்களைப் படைப்பதும் இவ்வாறே உயிரின் பொருட்டேயாம். உயிர் அதனைச் செய்ததன்று. பயன் கொள்ளுவது மட்டுமே. செய்யாத ஒன்றை எனது என்று செருக்குதல் எத்துணைப் பேதைமை! தன்பொருட்டுப் பிறர் செய்ததற்கு நன்றி பாராட்டுதலன்றோ முறை?

மனை எடுப்பார் முதலிற் சாரம் கட்டுவர். சுவர் உயருந்தோறும் சாரமும் உயரும். பணி முடிந்தபின் அதனை அவிழ்த்து விடுவர். சாரமின்றிச் சுவர் எழாது. சாரம் நிற்குங்காறும் மனை நிறைவெய்தாது. முப்பத்தாறு தத்துவங்களும் உயிர்க்கு இத்தகைய சாரமே. அவற்றைக் கொண்டே அறிதல் வேண்டும். அறிந்தபின் அவற்றின் வேறாய் நிற்றல் வேண்டும்.

அங்ஙனமாயின் மனை கட்டுதல் வீணோ? பழுதுபட்டதைப் புதுக்குதல் பற்றினை வளர்ப்பதோ? எனின், அன்று. எதன்பொருட்டு என்பதனாலேயே அது பற்றாகவும் அறமாகவும் வேறுபடும். தாரமங்கலத்துக் கைலாசநாதர் திருக்கோயிலைக் கல்லால் எடுப்பித்த கெட்டி முதலியார் மரபினரை இன்றும் அன்பர் நினைக்கின்றனர். அவர்தம் மாளிகை யாண்டு இருந்தது என வினவுவாரைக் காண்டல் அரிது. திருச்செங்கோட்டிற்குத் தேவாரம் வழங்கும் பெயர் கொடிமாடச் செங்குன்றூர் என்பது. கொடிகள் அசையும் மாடங்கள் நிறைந்த ஊர் என்பது அதன் பொருள். திருஞானசம்பந்தர் ஆங்கு எழுந்தருளியபொழுது அடியார்களைப் பனிச்சுரம் பற்றிற்று. மாடங்கள் ஓங்கி நின்றும் அந்நோய் புகுதலைத் தடுத்தில. பிள்ளையார் அருளிய திருநீலகண்டத் திருப்பதிகமே அதனை நீக்கிற்று. மாடம் வேண்டா என்பது இதனாற் கருத்தன்று. மாடத்தையே காப்பென்று மயங்கற்க என்பதே கருத்து. அவ்வூரில் இறைவன் பெண்ணொரு பாகனாய், அர்த்தநாரீசுவரனாய் எழுந்தருளியிருத்தலும் இல்லறத்தார் சிந்திக்கற்பாலது. மனை, மனைவி, இல், இல்லாள் என்னும் சொற்களின் தொடர்பைத் தமிழறிந்தோர் அறிவர். சுவர் நான்கும் ஒருவன் கட்டலாம். இல்லறத்தை ஒருவனே நடத்தல் இயலாது.

நாயன்மாருள் இருவர் மனைகட்டுவார்க்கு ஆசிரியராவர். ஒருவர் திருநின்றவூர்ப் பூசலார். பொருள் கிடையாமையின் அவர் மனத்தாலே கோயில் எடுத்தார். மனத்தாற் கட்டுவதாகலின் நொடியில் முடித்தாரோ எனின், இல்லை. கல்லும் மரமும் மனத்தே தேடி, தச்சரையும் மனத்தே அமர்த்தி, நன்னாள் பார்த்து அடிநிலை இட்டு, இரவும் உறங்காது நெடுநாள் உழைத்து, கிணறும் மதிலும் உட்பட ஒன்றும் குறையாது அமைத்தார். அவர் குறித்த நாளிலேயே குடமுழுக்குச் செய்ய எண்ணிய காடவர் கோமானின் கனவில் இறைவன் தோன்றி, அந்நாளை மாற்றிக்கொள்ளுமாறு பணித்தருளினான். புறத்தே ஒரு கல்லும் இல்லாத கோயிலுக்கு அரசன் கட்டிய கற்றளி வழிவிட்டது.

மற்றொருவர் இளையான்குடி மாறனார். அவர் கட்டியவர் அல்லர், கட்டியதை அறுத்தவர். நள்ளிரவில், மழையில் நனைந்து வந்த அடியார்க்கு அமுது சமைக்க விறகு இன்மையின், தம் மனைக் கூரையின் மரங்களையே அறுத்து வீழ்த்தி அடுப்பிற்குக் கொடுத்தார். ஒருவர் இல்லாத கோயிலை அன்பினால் உளதாக்கினார்; மற்றவர் உள்ள கூரையை அன்பினால் இல்லையாக்கினார். இருவரும் எய்தியது ஒரே வீடு. கட்டுதலும் இடித்தலும் தம்மளவில் அறமுமல்ல, மறமுமல்ல என்பது இதனால் விளங்கும்.

இவற்றையெல்லாம் பிறர்க்கு எடுத்துரைக்கும் அடியேன் செய்ததொன்றை இனி மறையாது கூறுதல் வேண்டும். எம் மனையின் முகப்பிற் பாட்டனார் அமைத்த திண்ணை ஒன்றுண்டு. சந்தைக்குச் செல்வோரும் திருவிழாவிற்கு நடப்போரும் இளைப்பாறுதற்கு அவர் அதனை இட்டார். அதனைப் புதுக்கிக் காவித் தளம் இழைத்து முடித்திருந்தோம். பங்குனி மாதத்து நண்பகல். மணல் சுமந்த சித்தாளம்மை ஒருத்தி தன் சிறு குழவியொடு அதன்மேல் வந்து அமர்ந்தாள். யான், “தளம் இன்னும் காயவில்லை, எழுந்திரு அம்மா” என்றேன். தளம் காய்ந்திருந்தது. அதனை அவளும் அறிவாள், யானும் அறிவேன். அவள் ஒன்றுஞ் சொல்லாது எழுந்து, குழவியை இடுப்பில் வைத்துக்கொண்டு மணற்குவியலின் ஓரத்து நிழலுக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை அன்பர் கூட்டமொன்றில் இளையான்குடி மாறனார் புராணத்திற்கு யான் விரிவுரை செய்ய வேண்டியிருந்தது. நாயனார் கூரைமரத்தை அறுத்த இடம் வந்தது. நாற்பதாண்டு பழகிய பொருள், சொல் எழவில்லை. கூரையையே கொடுத்தவர் வரலாற்றை, தளத்திற் கறைபடுமென்று அஞ்சித் தாயையும் சேயையும் வெயிலுக்கு எழுப்பியவன் விரித்துரைக்கின்றான்! என் கல்வி, சுவரின்மேற் பூசிய சிமிட்டி என்பதனை அப்பொழுது அறிந்தேன். உள்ளே ஈரம் ஏறிக்கொண்டே இருந்தது. உரையைச் சுருக்கி முடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அவ்வம்மையிடம், நேற்று யான் கூறியது பொய், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவள் நாணி, “அதுக்கென்னங்க சாமி” என்றாள். அது முதற் பணிசெய்வோர் அனைவரும் உச்சிப்பொழுதில் அத்திண்ணையிலேயே உண்டு இளைப்பாறினர். இதனால் என் பிழை கழிந்தது என்று கூறேன். உப்பு வெளிப்பட்டது, துடைக்கத் தொடங்கினேன், அவ்வளவே. என் மக்கள் கள்வர்க்கு அஞ்சித் திண்ணைக்கு இரும்புக் கம்பியழி அமைக்கக் கருதியிருந்தனர். இக்காலத்து மனைகள் பலவற்றில் அவ்வாறே அடைத்துள்ளனர். அவ்வச்சம் பொய்யன்று. ஆயினும் கதவிற்குத் தாழ் உண்டு. அதுவே போதும், திண்ணை திறந்தே இருக்கட்டும் என்றேன். அவரும் இசைந்தனர்.

மனையைப் புதுக்கியதனால் யான் பெற்ற பயன் யாதெனின், இத்திண்ணையே என்பேன். குடிபுகு விழாவன்று வந்தோர் அறைகளையும் தரையையும் புகழ்ந்தனர். பாட்டனார் கொணர்ந்த வாயில் நிலைக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு உள்ளே புகுந்தபொழுது, இதுவும் யாம் இருந்த வீடு என என் பேரன் ஒருநாள் சொல்லுவான் என்னும் எண்ணம் தோன்றிற்று. அவ்வெண்ணம் வருத்தந் தந்திலது.

சென்ற ஐப்பசி கார்த்திகை மழைக்குப்பின் சுவரடியைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு சாண் அளவு ஈரம் இருந்தது. அதற்குமேல் ஏறவில்லை. மார்கழி வெயிலில் அதுவும் உலர்ந்துவிட்டது. ஈரம் மண்ணில் உள்ளது, வெயில் வானில் உள்ளது, சுவர் திறந்திருக்கின்றது. நம் உயிரும் அவ்வாறு திருவருட்குத் திறந்திருப்பதாக.

திருச்சிற்றம்பலம்.